பச்சையாக இருந்தால் பசுமையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இதழில் அரைப் பக்கத்துக்கு ஓர் ஏரியின் படத்தைப் போட்டு, அடியில் 'பசுமை திரும்பிய ஏரி' என்று எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று சொற்களைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தண்ணீர் பச்சைப் பெயின்டைக் கரைத்து ஊற்றியதுபோல் கிடக்கிறது, கரையோரம் ஆடை கட்டி நிற்கிறது, அதற்குப் பெயர் பசுமையாம். உங்களுக்குத் தெரியாததா, பழைய செருப்பில் பூக்கிற பூஞ்சைகூடப் பச்சைதான்.

நான் 26 வருடம் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். இதே மாதிரி பச்சையாக இருந்த ஓர் ஏரியில் ஒருமுறை இரவு பகலாக மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு எடுத்த தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 14 மில்லிகிராம். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் சாதாரணமாகத் தாங்குவதே ஏழரைதான், அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூட வந்த பையன் 'ஏரி அமோகமாக இருக்கிறது சார்' என்றான். சரி, விடியட்டும் பார்க்கலாம் என்றேன். அந்தப் பச்சை முழுக்கப் பாசி. அது பகலில் ஆக்சிஜனை வாரி விடும், ராத்திரி முழுக்கத் தானே மூச்சாக இழுத்துத் தீர்த்துவிடும்.

காலை ஐந்து மணிக்குப் படகில் உட்கார்ந்து, 300 மில்லி பாட்டிலில் குமிழி புகாமல் தண்ணீர் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டையும் அடுத்த கரைசலையும் விட்டு, மூடித் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரளும். டார்ச் வெளிச்சத்தில் பார்க்கிறேன், சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெள்ளை வெளேர் என்று இறங்குகிறது. அதாவது ஒன்றுமே இல்லை. படகைச் சுற்றி மீன்கள் வாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஏழு மணிக்கெல்லாம் செத்துக் கரையில் ஒதுங்கிவிட்டன. மறுநாள் ஒரு நாளிதழில் (உங்களுடையது இல்லை, பதற வேண்டாம்) 'ஏரியில் விஷம் கலந்தது யார்?' என்று தலைப்பு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு மாதத்துக்கு முன் ஓர் அதிகாரி 'ஆக்சிஜன் திருப்திகரமாக உள்ளது' என்று சொன்னதை எழுத்து மாறாமல் போட்டீர்களே, மாதிரியை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டாரா? அலுவலகம் திறந்து, ஜீப் கிளம்பி, ஏரிக்குப் போய்ச் சேரும்போது பதினோரு மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் எந்தச் சாக்கடை ஏரியும் திருப்திகரமாகத்தான் இருக்கும்.

படம் என்றதும் இன்னொரு படம் ஞாபகம் வருகிறது. 1973இல் கனடாவில் 226 என்று எண் போட்ட ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள், ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ். அந்தப் பாதி மட்டும் பச்சைப் பசேலென்று ஆனது. ஏரி ஆராய்ச்சியாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் மேலிருந்து எடுத்த அந்தப் படம் உலகப் பிரசித்தம். அதற்கும் நீங்கள் படக்குறிப்பு எழுதியிருந்தால் 'பாதி ஏரிக்குப் பசுமை திரும்பியது' என்றுதான் எழுதியிருப்பீர்கள் போல.

பாஸ்பரஸ் வருவது சாக்கடையிலிருந்து, சோப்புத் தூளிலிருந்து, வயல் உரத்திலிருந்து. அது வருகிற வாய்க்காலை விட்டுவிட்டு நடு ஏரியில் வண்ண விளக்கோடு நீரூற்று வைத்தால் மேல் தண்ணீர் கொஞ்சம் துள்ளும், அடித் தண்ணீருக்கு விஷயமே தெரியாது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் சேற்றில் பல வருடமாகச் சேர்ந்த பாஸ்பரஸ் திரும்ப மேலே வரும், அதனால் இன்றைக்கே சாக்கடையை நிறுத்தினாலும் உடனே தெளியாது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஏரி சுத்தமாகும் என்று நுண்ணுயிர் கலந்த உருண்டைகளை எறிய வைத்ததையும் முதல் பக்கத்தில் போட்டீர்கள். பிள்ளைகள் பாவம், நன்றாக எறிந்தார்கள்.

ஆறு விஷயத்திலும் அப்படித்தான். ஓடுகிற தண்ணீர் தானே சுத்தமாகும் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதுகிறார். ஆகும், ஆனால் முதலில் கெடும். கழிவு விழுகிற இடத்தில் அல்ல, அதை நுண்ணுயிர்கள் தின்னத் தின்ன, இன்னும் பல கிலோமீட்டர் கீழே போய்த்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் 1925லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

அப்புறம் உங்கள் மருத்துவப் பக்கம். எந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்தால் போதுமாம். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதிப்பதால் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். 2014 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் டொலிடோவில், ஈரி ஏரியிலிருந்து வந்த குழாய்த் தண்ணீரை ஏறக்குறைய 4 லட்சம் பேரிடம் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்று சொன்னார்கள். இதைப் பற்றி அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். இடமில்லை போலும். ஏரிப் படத்துக்கு மட்டும் அரைப் பக்கம் கிடைக்கிறது.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி ஏரி, ஆறு பற்றி ஏதாவது எண்ணைப் போட்டால், மாதிரி எடுத்த நேரத்தையும் ஆழத்தையும் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள், அவ்வளவுதான். நேரம் சொல்ல மறுக்கிறார்கள் என்றால் அதையே செய்தியாகப் போடலாம். அந்தப் படக்குறிப்புக்கு ஒரு திருத்தமும் வந்தால் சந்தோஷம். நான் சொல்வதில் சந்தேகமிருந்தால் படம் எடுத்த உங்கள் போட்டோகிராபரையே கூப்பிட்டுக் கேளுங்கள், அன்றைக்கு மூக்கைப் பொத்தாமல் கேமராவைப் பிடிக்க முடிந்ததா என்று.

இப்படிக்கு,
உங்கள் இதழை இன்னமும் வாங்குகிற ஒரு வாசகன்