தம்பிக்கு, பார்சலோட வைக்கிற கடிதம்

அன்புள்ள தம்பி,

நாங்கள் இஞ்ச சுகம், கொம்மாவுக்குத்தான் முழங்கால் நோ கூடுறதும் குறையிறதுமா இருக்கு, நல்லெண்ணெய் பூசிக்கொண்டு திரியிறா, மற்றும்படி பிழையில்லை. வட்ஸ்அப்பில நாளாந்தம் கதைக்கிற காலத்தில இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுது எண்டு யோசிப்பாய். போனில தொடங்கினா நீ "சரியப்பா, சரியப்பா" எண்டு வெட்டிப்போடுவாய், அதோட கொம்மாவும் பக்கத்தில நிப்பா, அவவுக்கு முன்னால சொல்ல எனக்கு வெக்கமாக்கிடக்கு. மூலையில இருக்கிற கடைக்காரரின்ர மகள் அடுத்த கிழமை லண்டன் வாறாவாம், பார்சல் ஒண்டு குடுத்துவிடுறன், அதுக்குள்ள இதையும் வைக்கிறன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை மேசையில வைச்சிட்டு நிப்பாட்ட மறந்துபோனாய். எங்களுக்கு உங்கட வீட்டு முகடு மட்டும்தான் தெரியுது, கதையெல்லாம் வடிவாக் கேட்குது. பேத்தி மே மாதச் சோதினைக்குக் கணக்குச் செய்துகொண்டு இருந்தவள், 2x + 3 எண்டதை 5x எண்டு எழுதிப்போட்டாள் போல கிடக்கு, நீ "இது கூடத் தெரியாதோ, மண்டைக்குள்ள என்ன களிமண்ணோ" எண்டு கத்தினாய். பிறகு ஒரு சத்தமும் இல்லை. கொம்மா என்னை ஒருக்காப் பார்த்தா. நான் எழும்பிக் கிணத்தடிக்குப் போட்டன்.

அந்த வசனம் உனக்கு எங்க இருந்து வந்தது எண்டு எனக்குத் தெரியும், ஒரு சொல்லும் மாறேல்லை. 1994 ஆம் ஆண்டு, கரண்டும் இல்லை ஒண்டும் இல்லை, ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வைச்சு கொஞ்ச மண்ணெண்ணையை விட்டு திரி போட்டு அந்த வெளிச்சத்தில நீ படிக்கிறாய், உனக்குப் பதினொரு வயசு. அட்சரகணிதம் எண்டு புதுசாத் தொடங்கியிருந்தாங்கள், நீ கொப்பியைக் கொண்டுவந்து "அப்பா இந்த x எண்டா என்ன" எண்டு கேட்டனீ. நான் அண்டைக்கு வேலைத்தலத்தில கூலி சரியாக் கிடைக்காமல் வந்த ஆத்திரம், உதே வசனத்தைச் சொல்லி கொப்பியைப் பறிச்சு எறிஞ்சன். அது விளக்கில பட்டு, விளக்கு கவிண்டு, இருந்த மண்ணெண்ணை முழுக்கக் கொப்பிக்கு மேல. மண்ணெண்ணை அப்ப என்ன விலை எண்டு உனக்குத் தெரியும். கொம்மா ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. நீ அதுக்குப் பிறகு ஒரு கணக்கும் என்னட்டக் கேட்டதில்லை, பின்வளவு அக்காட்டப் போய்ப் படிச்சாய், ஓ/எல் சோதினையில நல்லாச் செய்தாய், இஞ்சினியர் ஆனாய், எல்லாம் சரி. 95 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரோடையும் வெளிக்கிட்டு சாவகச்சேரிப் பக்கம் போய்ச் சேர்ந்தாப் பிறகு பையைக் கொட்டினா அரிசியோட அரிசியா அந்தக் கொப்பி, மண்ணெண்ணை மணம் போகேல்லை, அந்த அரிசியை ரெண்டு தரம் கழுவித்தான் உலையில போட்டது. அதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தனீ எண்டு நான் கேட்கேல்லை.

சொல்ல வந்தது இதுதான். அண்டைக்கு எனக்கு அந்த x எண்டா என்ன எண்டு தெரியாது. நீ கேட்டது விளங்கேல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை, அதுக்குத்தான் கொப்பியை எறிஞ்சது. நான் எட்டாம் வகுப்போட தச்சுவேலைக்குப் போய்ச் சீவுளி பிடிச்சவன் தம்பி. திண்மங்கள் எண்டு புத்தகத்தில போடுற பெட்டி, உருளை மாதிரிச் சாமான் எல்லாம் என்ர கைக்குள்ளால போனது, ஆனா எழுத்தைப் போட்டுக் கணக்கு எண்டா எனக்குக் கை நடுங்கும்.

கைப்பழக்கம் இருந்தும் பிழை விட்டிருக்கிறன், அதையும் சொல்லுறன், பேத்திக்கு நீயே சொல்லிச் சிரி. வேலை பழகி முடிச்ச புதுசில கோண்டாவில் பக்கம் ஒரு கமக்காரர் வந்து, உள்ள நெல்லுப்பெட்டி காணாது, உதின்ர ரெண்டு மடங்கு நெல்லுப் பிடிக்கிற மாதிரி ஒண்டு செய்து தா எண்டார். ரெண்டு மடங்குதானே எண்டு நான் நீளத்தையும் இரட்டிச்சு, அகலத்தையும் இரட்டிச்சு, உயரத்தையும் இரட்டிச்சு அறுத்துப்போட்டன். பலகை நாலு மடங்கு முடிஞ்சுது. பெட்டி வாசலுக்குள்ளால போகேல்லை. அவர் தன்ர நெல்லு முழுக்கக் கொட்டிப் பார்த்தா அடியில கால்வாசிக்குத்தான் வந்து நிக்குது, பக்கத்து வீட்டு நெல்லையும் வாங்கிப் போடட்டோ எண்டு கேட்டார். மூண்டு பக்கமும் இரட்டிச்சா 2 தர 2 தர 2, எட்டு மடங்கு. ஒரு பக்கத்தை மட்டும் இரட்டிச்சிருந்தா அலுவல் முடிஞ்சிருக்கும். அந்தக் கூலியை நான் கேட்கவும் இல்லை, அவர் தரவும் இல்லை.

இனி இப்பத்தைய கதை. பக்கத்து வீட்டுப் பெடியன், ஏழாம் வகுப்பு, பின்னேரத்தில எங்கட விறாந்தையில இருந்துதான் படிக்கிறவன். அரசாங்கம் குடுக்கிற இலவசப் புத்தகம் அவனிட்ட இருக்கு, அதை நான் இரவல் வாங்கி முதல் பக்கத்தில இருந்து தொடங்கினன். சிரிக்காத. எழுபத்திரண்டு வயசில கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குணகம், உறுப்பு, கோவை எண்டு வாசிச்சுக்கொண்டு இருக்கிறன், கொம்மா "சோதினை எப்பவாம்" எண்டு கேட்டுக்கொண்டு திரியிறா.

2x + 3 இல பேத்தி விட்ட பிழையை நானும் விட்டனான். ஏன் விடுறம் எண்டதும் இப்ப விளங்குது. பெடியனுக்கு முதல் ஆரோ "a எண்டா அப்பிள், 3a எண்டா மூண்டு அப்பிள்" எண்டு சொல்லிக் குடுத்திருக்கினம், அவன் எழுத்தைச் சாமான் எண்டு பிடிச்சிட்டான். x எண்டது மாம்பழம் இல்லையாம், மாம்பழத்தின்ர எண்ணிக்கையாம். ரெண்டு பை கறுத்தக்கொழும்பான் வாங்கிறன், ரெண்டு பையிலயும் ஒரே எண்ணிக்கை, கட்டியிருக்கிறபடியா எத்தினை எண்டு தெரியாது, வெளியால மூண்டு பழம் கிடக்கு. அந்த மூண்டையும் பையளோட சேர்த்து "அஞ்சு பை" எண்டு சொல்லேலுமோ, ஏலாது. மொத்தம் 11 பழம் எண்டு வியாபாரி சொன்னா மூண்டைத் தள்ளி வை, 8, பைக்கு 4. இதை நான் பெடியனுக்கு உண்மையாவே மாம்பழத்தை வைச்சுத்தான் காட்டினன், கணக்கு முடியமுன்னம் அவன் ரெண்டைத் திண்டுபோட்டான், அது வேற கழித்தல்.

எழுத்துப் போடுற பழக்கம் எங்களுக்குப் புதுசும் இல்லையாம். பிரமகுப்தர் எண்ட இந்தியக் கணக்கறிஞர் காலத்தில, அது 628, தெரியாத எண்ணுகளுக்கு நிறங்களின்ர பேரை வைச்சவையாம், கறுப்பு, நீலம் எண்டு. இந்த x, y, z பிறகு 1637 இல பிரான்சுக்காரன் டேக்கார்ட் போட்டது. எங்கட ஊரிலயே 1855 இல கறல் விசுவநாதபிள்ளை எண்டவர் இந்த அட்சரகணிதத்தை முழுக்கத் தமிழில எழுதி வைச்சிட்டுப் போயிருக்கிறார், வட்டுக்கோட்டைச் செமினறியில படிச்ச மனுசன், அப்ப இதுக்குப் பேர் வீசகணிதம். நான் வட்டுக்கோட்டையில எத்தினை வீட்டுக்குக் கூரை போட்டனான், ஒருத்தரும் சொல்லேல்லை பார்.

சரி, பார்சலுக்கு வாறன். பேத்திக்கு வேப்பங்கட்டையில திண்மங்கள் சீவி அனுப்புவம் எண்டு யோசிச்சன், ஸ்கிரீனில படமாப் பார்த்தா பின்பக்கத்து விளிம்பு தெரியாதுதானே, புள்ளிக்கோடு போட்டுக் காட்டியிருப்பாங்கள், அதை அவள் எண்ணாமல் விடுவாள். ஆறு பக்கமும் சதுரமான சதுரமுகி, செங்கல் மாதிரிக் கனவுரு, மேல ஒரு கூருக்கு ஒடுங்கிற கூம்பகம், ரெண்டு அந்தமும் முக்கோணமான முக்கோண அரியம் எல்லாம் செய்தன். பெடியன்தான் எண்ணினவன். சதுரமுகிக்கு உச்சி, அதுதான் மூலை, 8, முகம் 6, விளிம்பு 12. சதுர அடிக் கூம்பகத்துக்கு 5, 5, 8. அரியத்துக்கு 6, 5, 9. உச்சியையும் முகத்தையும் கூட்டினா எப்பவும் விளிம்பை விட ரெண்டு கூட வரும், ஒயிலர் எண்டவர் 1750 இல கண்டது, அந்த மனுசனுக்கு ஒரு கண் ஏற்கெனவே போயிட்டுது, பிறகு மற்றக் கண்ணும் போய்க் குருடாயும் கணக்கை விடேல்லையாம். பெடியன் விடுவானே, உருளையைத் தூக்கிக்கொண்டு வந்தான், "ஐயா இதுக்கு உச்சியே இல்லை, முகம் 3, விளிம்பு 2, உங்கட ஆளின்ர கணக்குப் பிழை" எண்டு. வளைஞ்ச முகம் உள்ளதுக்கு இந்த எண்ணுற கணக்குச் சரிவராது, தட்டை முகமும் நேர் விளிம்பும் உள்ளதுக்குத்தான் எண்டு புத்தகத்தைப் பார்த்துச் சொன்னன். ஆனா அவன் கேட்டது சரியான கேள்வி.

இதில ஒரு சதுரமுகி பழுதாப்போச்சு. கட்டையில கணு இருந்தது தெரியாமல் வாளைப் போட்டன், ஒரு மூலை சீவிக்கொண்டு போட்டுது. அடுப்புக்குப் போடத்தான் எடுத்தன், பெடியன் பறிச்சு வைச்சு எண்ணத் தொடங்கிட்டான். ஒரு உச்சி போய் அந்த இடத்தில மூண்டு வந்திருக்கு, அப்ப உச்சி 10. புதுசா ஒரு முக்கோண முகம், முகம் 7. அந்த முக்கோணத்தைச் சுத்தி மூண்டு விளிம்பு கூட, 15. பத்தும் ஏழும் பதினேழு, பதினைஞ்சும் ரெண்டும் பதினேழு. கட்டை பழுது, கணக்கு பழுதாகேல்லை. பிறகு எனக்கு விசர் பிடிச்சமாதிரி ரெண்டாவது மூலையையும் வெட்டினன், மூண்டாவதையும் வெட்டினன், ஒண்டோட ஒண்டு முட்டாமல் சின்னனா, ஒவ்வொரு தரமும் அவன் எண்ணிக் கொப்பியில எழுதினான்.

நாலாவது வெட்டமுன்னம் நான் வாளைக் கீழ வைச்சிட்டன். ஏனெண்டா வெட்டத் தேவையில்லை எண்டு விளங்கிப்போச்சு. வெட்டின மூலை எத்தினையா இருந்தாலும் அதை x எண்டு வைச்சா உச்சி 8 + 2x, முகம் 6 + x, விளிம்பு 12 + 3x. கூட்டிப் பார், 14 + 3x, மற்றப் பக்கமும் 12 + 3x ஓட ரெண்டு. ஒரு மூலைக்கும் சரி, எட்டு மூலைக்கும் சரி. அப்ப இந்த x எண்டது நான் இன்னும் வெட்டாத மூலையள் தம்பி. நீ அண்டைக்கு விளக்குக்கு முன்னால நிண்டு கேட்டதுக்கு மறுமொழி எனக்குக் கிடைச்சது இந்த ஆவணி மாதம், அதுவும் ஒரு கணு விழுந்த கட்டையில. கொம்மாட்டப் போய்ச் சொன்னன், அவ "அதுக்கு இப்ப என்ன, தேத்தண்ணி ஆறுது" எண்டா.

பார்சலுக்குள்ள அரைக்கிலோ பனங்கட்டி குட்டானோட இருக்கு, ஒடியல்மா கிடக்கு, மருமகளுக்கு மிளகாய்த்தூள் ரெண்டு பை, சாறிச்சீலையில சுத்தினது திண்மங்கள், மொத்தம் ஏழு. அரம் போட்டுத் தேய்ச்சனான், சிலாம்பு குத்தாது, எண்டாலும் நீ ஒருக்காத் தடவிப் பார்த்திட்டுக் குடு. அதில சிவப்பு நூல் கட்டினதைக் கடைசியாத்தான் அவிழ்க்கவேணும். அது பிறகு வேறயாச் செய்து மூலை வெட்டின சதுரமுகி, எத்தினை மூலை வெட்டினது எண்டு நான் சொல்லமாட்டன், விளிம்பு முப்பது எண்டு மட்டும் சொல்லு, துணியை அவிழ்க்காமல் அவள் கண்டுபிடிக்கட்டும், பிறகு அவிழ்த்து எண்ணிப் பார்க்கட்டும்.

நீ பக்கத்தில இரு, வாய் திறக்காத. அவள் பிழையாச் சொன்னா போனைப் போட்டு என்னட்டக் குடு, எந்த நேரம் எண்டாலும் பரவாயில்லை, நான் இரவில நித்திரை கொள்ளுறது குறைவு.

அந்தப் பழைய கொப்பி உன்னட்ட இன்னும் இருக்கோ?

இப்படிக்கு
அப்பா

பி.கு: பனங்கட்டியை ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கவேண்டாமாம், ஈரம் பிடிக்குமாம், கொம்மா சொல்லச் சொன்னவ.