ஐ.சி.யூ. வாசலில் எங்களுக்குப் பதில் தெரியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மூன்று வருடங்களுக்கு முன்னால் என் தம்பி கோத்தகிரி - மேட்டுப்பாளையம் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தான். தலையில் அடி. கோவையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் மூளைச்சாவு என்றார்கள். நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகுதான் அப்படி அறிவிப்பார்கள் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. வென்டிலேட்டரில் அவன் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கையில் சூடு இருந்தது. விரல் நுனியில் தேயிலைக் கறைகூட இன்னும் போகவில்லை. போய்விட்டான் என்று எப்படி நம்புவது?

உறுப்பு தானத்துக்குச் சம்மதமா என்று ஒருவர் வந்து தன்மையாகத்தான் கேட்டார். தம்பி மனைவி என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அவன் மனதில் என்ன இருந்தது என்று மூன்று பேருக்குமே தெரியவில்லை. "அறுக்க விடாதீங்க, முழுசா கொண்டுபோவோம்" என்றார் பெரியப்பா. மறுத்துவிட்டோம். விபத்து என்பதால் பிரேதப் பரிசோதனை எப்படியும் நடந்தது. அந்த நினைப்பு இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ரத்தம் வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும் ஓடுகிறவன் அவன். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பான். நாங்கள் கேட்டதே இல்லை.

2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழ்நாடே பேசியது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்று முதலமைச்சர் அறிவித்தார். ஒருவரின் உறுப்புகளால் எட்டுப் பேர் வரை பிழைக்கலாம். ஆதாரை வைத்து இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் பதிவு செய்திருந்தாலும் அந்த நேரத்தில் மருத்துவமனை வந்து கேட்பது வீட்டாரைத்தான். அதனால் வீட்டில் சொல்லி வையுங்கள். வயதாகி வீட்டில் இறப்பவர்களும் கண்களைக் கொடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால், மழையில் மண் சரிந்து ரோடு அடைபடும் நம் மலையில் உடனே கண் வங்கிக்குப் போன் செய்வது முக்கியம்.

போன மாதம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டில் இதைப் பேச்சில் எடுத்தேன். "எதுக்கும்மா இந்தப் பேச்சு?" என்று மகள் எழுந்து போகப் பார்த்தாள். அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தது அம்மாதான். "என் கண்ணை எடுத்துக்கச் சொல்லு. அன்னிக்கு எனக்குத் தைரியம் வரலை" என்றார். நான் எல்லாவற்றையும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மகள் அழுதாள், அப்புறம் சரி என்றாள். என் கணவர் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கேட்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி