விளாதானின் அப்பா

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அதனால்தான் பதில் தாமதம். நன்றாக முடிந்தது, இப்போது பேப்பரைத் தானே எடுத்துப் படிக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நாட்களில் ஒரு நாவலை ஆங்கிலத்தில் படித்தேன், இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. கோரன் வோய்னோவிச் என்ற ஸ்லோவேனிய எழுத்தாளர் 2012இல் எழுதிய 'யூகோஸ்லாவியா, என் நாடு'. கதை நாயகன் விளாதான் குரோஷியாவின் கடலோர ஊரான பூலாவில் வளர்கிற பையன், அப்பா யூகோஸ்லாவிய ராணுவ அதிகாரி. 1991இல், பல குடியரசுகள் சேர்ந்த யூகோஸ்லாவியா உடையத் தொடங்கியபோது, அவனுக்குப் பதினோரு வயது, அப்பாவுக்கு உத்தரவு வருகிறது, வீட்டைக் காலி செய்கிறார்கள். கடைசியில் அவனும் அம்மாவும் அவள் பிறந்த ஸ்லோவேனியாவில் வந்து சேர்கிறார்கள். அப்பா இறந்துவிட்டார் என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள். பல வருடம் கழித்து, பெரியவனானபின், ஒரு நாள் சும்மா அப்பாவின் பெயரை கூகுளில் தட்டிப் பார்க்கிறான். போர்க்குற்றவாளி, தலைமறைவு என்று வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது என்ன தெரியுமா? அதைத் தெரிந்துகொண்ட பிறகும் பூலாவின் கோடைக்காலமும் கடலும் கூட்டாளிகளும் அவன் நினைவில் அப்படியே இருக்கின்றன, அந்த அப்பாவும்தான். யூகோஸ்லாவியாவின் சோஷலிச காலத்தை நாவல் சொர்க்கம் என்று சொல்லவுமில்லை, சாபம் என்று தள்ளவுமில்லை. பாசமாக இருந்த மனிதரை வெறுத்தாக வேண்டிய கட்டாயம் ஒரு பிள்ளைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு நேராக எழுதி நான் படித்ததில்லை.

வோய்னோவிச்சின் முதல் நாவல் 2008இல் வந்தது, ஸ்லோவேனியத் தலைநகர் லியுப்லியானாவின் ஃபூஷினே அடுக்குமாடிகளில் வளரும் ஒரு போஸ்னியக் குடும்பத்துப் பையனின் கதை. யூகோஸ்லாவியாவின் தெற்கத்திக் குடியரசுகளிலிருந்து வந்தவர்களை அங்கே 'செஃபூர்' என்று இளக்காரமாகச் சொல்வார்களாம். அவர்களுடைய பல குடும்பப் பெயர்களின் கடைசி எழுத்தான 'ć' ('வோய்னோவிச்' என்பதில் வரும் 'ச்') காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அந்த எழுத்து ஸ்லோவேனிய எழுத்து வரிசையிலேயே கிடையாது.

அப்புறம் இதையும் தேடிப் படித்தேன். ஸ்லோவேனியா சுதந்திரம் அறிவித்து எட்டே மாதத்தில், 1992 பிப்ரவரி 26 அன்று, குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதவர்கள், விண்ணப்பித்தும் கிடைக்காதவர்கள் என்று 25,671 பேரை நிரந்தரக் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை. ஏதோ வேலைக்காக அலுவலகத்துக்குப் போன இடத்தில் அடையாள அட்டையை ஓட்டை போட்டுச் செல்லாததாக்கிக் கொடுத்திருக்கிறார்கள், மீனா. இருபது வருடம் கழித்து 2012இல்தான் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு அது தவறு என்று தீர்ப்புச் சொன்னது.

புத்தகத்தை நாளைக்குக் கூரியரில் போடுகிறேன். நீ அவன் இடத்தில் இருந்தால் அப்பாவைத் தேடிப் போயிருப்பாயா? நான் போயிருப்பேன், போய் என்ன கேட்டிருப்பேன் என்றுதான் தெரியவில்லை. படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
வசந்தி