பொம்மையின் தலையைப் பூட்டிக் கொடுத்த அம்மாவுக்கு நன்றி

தஞ்சாவூர் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில் வாசலில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், என் மகளின் தலையாட்டி பொம்மை கீழே விழுந்து தலை தனியாகக் கழன்றது. அவள் போட்ட அழுகை தெருமுனைவரை கேட்டிருக்கும்.

கடை விரித்திருந்த ஒரு வயதான அம்மா கைகாட்டி அழைத்தார். அவரிடம் வாங்கிய பொம்மைகூட இல்லை அது. குறட்டால் தலையைத் தாங்கும் கம்பியின் நுனியைச் சற்றே வளைத்து, ஊதிப் பார்த்து, "நீயே மாட்டு கண்ணு" என்று மகளிடமே கொடுத்தார். தலை மறுபடி ஆடியதும் அழுகை நின்றது.

"இந்தப் பொம்மை மட்டும் ஏன் விழ மாட்டேங்குது பாட்டி?" என்று என் மகன், கடையில் இருந்த சாய்ந்தாடும் ராஜா உருவப் பொம்மையைக் காட்டிக் கேட்டான். வியாபார நேரத்தில் யார் பதில் சொல்வார்கள்? அவர் சொன்னார். அடியில் களிமண் கனம், மேலே காகிதக்கூழ், அதனால் எவ்வளவு சாய்த்தாலும் நிமிரும் என்று அவன் கையிலேயே வைத்து உருட்டிக் காட்டினார். 2008-09இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்ப் பொம்மைக் கலை இது. அதைக் குழந்தைக்குப் புரியவைத்தது அந்தக் கைதான்.

இப்போது எங்கள் வீட்டில் முட்டை ஓடு எதுவும் குப்பைக்குப் போவதில்லை; எல்லாம் அதே மாதிரிப் பொம்மையாகிறது. உள்ளே வடவாற்றுக் களிமண், மேலே நாளிதழ்த் துண்டும் மைதாப் பசையும். திண்ணை முழுக்கக் குட்டி ராஜாக்கள்!

அம்மா, காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். பெயர் கேட்பதற்குள் கூட்டம் எங்களைத் தள்ளிவிட்டது. மனம் நிறைந்த நன்றி. அவரை அறிந்த தஞ்சைக்காரர்கள் யாரேனும் இதைப் படித்துக் காட்டுங்கள்.