கேரவன் வாங்கலாம், எங்கே நிறுத்துவது?

ஆசிரியருக்கு வணக்கம். பெங்களூரில் இருக்கும் என் மச்சான், படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே வைத்த பெரிய சொகுசு கேரவன் வாங்கியே தீருவேன் என்று குதிக்கிறான். ஆசை தப்பில்லை. சர்க்கரை நோயுள்ள அம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒகேனக்கல் போகும்போது சுத்தமான கழிவறை கூடவே வருவது எவ்வளவு நிம்மதி என்பது, கிருஷ்ணகிரி தாண்டி நெடுஞ்சாலையில் அவசரத்துக்கு இடம் தேடி அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். லாட்ஜ் வாடகையும் மிச்சம்.

ஆனால் அமெரிக்காவில் ஓடும் 40 அடி வண்டிகள் லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. அவ்வளவு பெரிய உருப்படியை, சேலம் பக்கம் போனால் வரும் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே, பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறக்குவதற்கு நல்ல கை வேண்டும். பென்னாகரம் தாண்டினால் வரும் மலைப்பாதை வளைவுகளைக் கேட்கவே வேண்டாம். அப்புறம், கழிவுத்தொட்டி நிரம்பினால் எங்கே காலி செய்வது? அமெரிக்காவில் கேரவன் நிறுத்தும் முகாம்களில் அதற்கென்றே குழாய் இணைப்பு இருக்கிறது. இங்கே ஆற்றோரத்தில் திறந்துவிடுவார்களோ என்றுதான் எனக்குப் பயம்.

வருடத்தில் 15 நாள் ஓட்டிவிட்டு மீதி நாளெல்லாம் வெயிலில் நிறுத்தினால் டயரும் பேட்டரியும் வீணாகும். முதலில் வாடகைக்கு எடுத்துப் பாரடா என்றேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்! ஒகேனக்கல்லில் மின்சாரம், தண்ணீர், கழிவு இணைப்போடு நாலைந்து வண்டி நிற்க இடம் ஒதுக்கச் சொல்லி நீங்களாவது எழுதுங்கள்.

வாசகர் ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.