உரித்த தேங்காய் நுழையாத பால்கனி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், கோடை விடுமுறைக்குக் கொடைக்கானலில் தங்க இடம் பார்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளத்தாக்கு தெரிகிற மாடி அறையாகக் கேட்டு வாங்குங்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று அதில் ஒரு யோசனை. எழுதியவருக்குப் பிள்ளைகள் இருந்தால், காலேஜுக்குப் போகிற வயதில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு மூன்று. மூத்தவள் மூன்றாம் வகுப்பு. அடுத்தது இரட்டை, இரண்டும் பையன்கள், நாலரை வயது. ஊர் திண்டுக்கல். தொழில் கிரில் பட்டறை, அப்பா காலத்திலிருந்து. ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி, பால்கனிக் கம்பி எல்லாம் அடிக்கிறோம். அதனால் எந்த விடுதிக்குப் போனாலும் மற்றவர்கள் மலையைப் பார்க்கும்போது நான் கம்பியைப் பார்ப்பேன். வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். போன வருடம் மே மாதத்துக்குப் பிறகு சிரிப்பதில்லை.

முன்பெல்லாம் நாங்கள் கொடைக்கானல் போகிற விதமே வேறு. வத்தலக்குண்டில் டீ குடித்துவிட்டு மலை ஏற வேண்டியது. வெள்ளி அருவி தாண்டியதும் கையில் சாவியோடு ஆட்கள் நிற்பார்கள். நாலு அறை பார்த்து, பேரம் பேசி, ஒன்றைப் பிடிப்போம். 2024 மே 7 முதல் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்துவிட்டது. எந்த வண்டி, எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல் என்று எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே நிரப்ப வேண்டும். கூட்டத்தை அளந்து விட அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் என்னைப் போன்றவர்கள் அறையை நேரில் பார்க்காமல், போனில் வருகிற படத்தை நம்பிப் பணம் கட்டுகிற நிலைமைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். படம் எப்படி இருக்கும் தெரியுமா? அறைக்குள்ளிருந்து வெளியே பார்த்து எடுத்திருப்பார்கள். மேகம், யூகலிப்டஸ், சூரிய உதயம். கம்பி இருக்கிற இடத்தில் இரண்டு காபிக் கோப்பை.

அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். விடுதியின் பெயர் வேண்டாம். இரண்டாவது மாடி, ஒரு நாளைக்கு 3,500 ரூபாய். 'ஃபேமிலி ரூம், கிட்ஸ் ஃப்ரெண்ட்லி' என்று போட்டிருந்தது. போனில் கேட்டார்கள், குழந்தைகள் எத்தனை வயது என்று. நல்ல மனிதர்கள், அக்கறையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். ஐந்து வயதுக்கு மேல் இருந்தால் எக்ஸ்ட்ரா பெட் காசு உண்டாம், அதற்காகக் கேட்டது.

மலைப்பாதையில் மூன்று மணி நேரம் காருக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள், அதில் ஒருவன் பெருமாள்மலை வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி. கதவைத் திறந்ததும் கட்டு அவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரிதான் ஓடுவார்கள். அறையில் மரத்தளம். இவர்கள் நாலு தடவை குதித்ததும் கீழ் அறைக்காரர் ரிசப்ஷனுக்குப் போன் போட்டுவிட்டார். அவர் மேல் தப்பில்லை. புதிதாகக் கல்யாணமானவர் போலிருந்தது. "பிள்ளைகளைக் கொஞ்சம் ஓடாம பாத்துக்குங்க சார்" என்று ரூம் பாய் வந்து சொன்னான். நாலரை வயதுப் பையனிடம் ஓடாதே என்று சொல்வது, குக்கரிடம் விசிலடிக்காதே என்று சொல்வது மாதிரி. சரி, பால்கனியில் விளையாடுங்கள் என்று அனுப்பினேன். அனுப்பியது நான்தான், அதை மறைக்க மாட்டேன்.

அந்தப் பால்கனிக் கம்பியை வந்தவுடனேயே பார்த்திருந்தேன். ஒரு இஞ்ச் வட்டப் பைப், நிற்கிற வாக்கில், ஆறு இஞ்சுக்கு ஒன்று. எங்கள் பட்டறையில் அப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார். பால்கனிக் கம்பியில் உரித்த தேங்காய் நுழையக் கூடாது. தேங்காய் நுழைந்தால் பிள்ளை தலை நுழையும், பிள்ளை தலை நுழைந்தால் மற்றது பின்னாலேயே போகும் என்பார். அதாவது நாலு இஞ்ச். அளவு டேப் எடுக்காமலே, வேலை முடிந்ததும் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு தேங்காய் கேட்டு வாங்கி, ஒவ்வொரு இடைவெளியிலும் வைத்துக் காட்டுவார். கடைசியில் அந்தத் தேங்காயை வாசலில் உடைத்துவிட்டுத்தான் காசு வாங்குவது. இதெல்லாம் தெரிந்த நானே, கொஞ்ச நேரம்தானே என்று விட்டேன்.

மாலை ஐந்தரை இருக்கும். பையன்கள் ரயில் விளையாட்டு. கம்பிக்கு வெளியே தலையை நீட்டி 'கூ' என்று கத்த வேண்டும். பெரியவன் நீட்டி எடுத்துவிட்டான். சின்னவனுக்கு எடுக்க வரவில்லை.

"ஏங்க, இவன் தலை மாட்டிக்கிச்சுங்க" என்று மனைவி சத்தம் போட்டதும் ஓடினேன். தலை வெளியே, உடம்பு உள்ளே. எப்படியோ அழுத்தி நுழைத்திருக்கிறான். பின்னால் இழுத்தால் காது மடங்கியது. அழுகிற அழுகையில் முகம் வீங்கிக்கொண்டே வந்தது. கீழே இரண்டு மாடி ஆழத்தில் சிமெண்ட் தரை. கூட வந்திருந்த என் அம்மா, பையிலிருந்து தேங்காயெண்ணெயைத் தேடி எடுத்து வந்தார். பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுகூட விழவில்லை. ஏழாயிரம் அடி உயரத்தில் தேங்காயெண்ணெய் கட்டிப்போய் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. விரலை விட்டுத் தோண்டிக் காதில் தடவியும் பலனில்லை.

கார் ஜாக்கிதான் காப்பாற்றியது. ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கிற சாதாரண ஜாக்கி. அதைப் படுக்கை வாக்கில், அவன் தலைக்கு ஒரு சாண் மேலே, இரண்டு கம்பிக்கும் நடுவில் வைத்தேன். ரூம் பாய் ஜாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மனைவி பையனின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் திருகினேன். சன்னமான பைப் என்பதால் ஏழெட்டுச் சுற்றிலேயே வளைந்து கொடுத்தது. தலை விடுபட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, ஜாக்கிய நான் ஒரு தடவ சுத்தட்டா?"

மறுநாள் பில்லில் 'கைப்பிடி சேதம் 1,500' என்று ஒரு வரி இருந்தது. சண்டை போடவில்லை, கட்டிவிட்டேன். ஆனால் தொழில்காரன் புத்தி சும்மா இருக்காதே. அந்தப் பால்கனி பத்தடி அகலம். ஒவ்வொரு இடைவெளியிலும் நடுவில் ஒரு கம்பி சேர்த்தால் இருபது கம்பி, ஒன்று மூன்றடி. 12 எம்.எம். ஸ்கொயர் பார் 60 அடி, எடை 21 கிலோ. எங்கள் பட்டறை விலைக்கு இரும்பு மட்டும் சுமார் 1,500 ரூபாய்தான். கூலியும் பெயிண்டும் தனி. ஒரு நாள் வேலை. என்னிடம் வாங்கிய காசுக்கு அந்தப் பால்கனிக்கு இரும்பு வாங்கியிருக்கலாம்.

நிற்கிற கம்பியாவது பரவாயில்லை. இப்போது காட்டேஜ் என்று புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாரும் கேட்பது படுக்கைக் கம்பி. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பைப், தரைக்கு இணையாக நாலு வரிசை, பார்க்கக் கப்பல் மாதிரி இருக்கும். பெரியவர்களுக்கு அது கைப்பிடி, சின்னப் பிள்ளைக்கு அது ஏணி. கட்டச் சொல்லி வருகிறவர்களிடம் இதை நான் சொல்வேன். பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேர் அடுத்த பட்டறைக்குப் போவார்கள். மலை தெரிய வேண்டும் என்று கிரில்லே இல்லாத பெரிய ஜன்னல் வைத்து, அதன் ஓரத்திலேயே கட்டிலைப் போடுவது இன்னொரு வழக்கம். கட்டில் மேல் ஏறினால் ஜன்னல் திண்டு முழங்காலுக்குத்தான் வரும். இதைக் கேட்டால் உடனே மாற்றிப் போட்டுத் தருவார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பாத்ரூம் தாழ்ப்பாள் கதையும் உண்டு. பூட்டுக்குப் பேர் போன ஊர் எங்களுடையது, 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அந்த ஊர்க்காரன் மகன் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அரை மணி நேரம் இருந்தான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் விரிவாக எழுதவில்லை. கீசர் குழாயில் எடுத்தவுடனே கொதிக்கக் கொதிக்க வரும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் வேறு மாதிரி செய்தேன். ஆறு இடத்துக்குப் போன் போட்டேன். மூன்றே விஷயம் கேட்டேன்: தரைத்தள அறை உண்டா, வெளியே ஓட மண் தரையோ புல்லோ இருக்கிறதா, பால்கனி இருந்தால் அதற்கு நேராக நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா. இரண்டு இடத்தில் சிரித்தார்கள். ஒருவர், "என்ன சார், வீடு வாங்கப் போறீங்களா?" என்றார். ஒரு ஹோம்ஸ்டே அம்மா மட்டும் போட்டோவோடு ஒரு குரல் பதிவும் அனுப்பினார். "தம்பி, பால்கனியே இல்ல, திண்ணைதான் இருக்கு. ஆனா ஒண்ணு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பிள்ளைகள வெளிய விடாதீங்க, காட்டுமாடு வரும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அங்கே அறை போட்டேன். வருவதை முன்கூட்டியே சொல்கிறவர் வீட்டில் பயமில்லை.

அங்கே ஏரி தெரியாது, பள்ளத்தாக்கு தெரியாது, பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் பாத்தி தெரியும். பையன்கள் மூன்று நாளும் காலையில் அந்தத் திடலில் ஓடிய ஓட்டத்தில் பத்து மணிக்கெல்லாம் பசி எடுத்துவிடும். இரண்டாவது நாள் மாலை காட்டுமாடு வரத்தான் செய்தது. குட்டி யானை சைஸில் ஒன்று, வேலியோரம் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் ஐந்து பேரும் என் அம்மாவும் ஜன்னல் கிரில்லுக்கு உள்ளே நின்று பார்த்தோம். பழைய கால கிரில், கனமான பட்டை இரும்பு, இடைவெளி மூன்றரை இஞ்ச். என்னையறியாமல் கையை வைத்து அளந்திருக்கிறேன். மனைவி பார்த்துவிட்டாள்.

மாடி அறையே எடுத்தாக வேண்டிய நிலை வந்தால் என்று பெட்டியில் பத்தடி நைலான் வலையும் ஒரு பாக்கெட் கேபிள் டையும் வைத்திருக்கிறேன். கம்பியில் கட்ட இருபது நிமிடம், அறுக்க இரண்டு நிமிடம். வலை ஒரு தடுப்புதானே தவிர, அதை நம்பிப் பிள்ளைகளைப் பால்கனியில் தனியாக விடக் கூடாது.

சுற்றுலாத் துறைக்கும் ஒரு விண்ணப்பம். மத்திய அரசின் திட்டப்படி ஹோம்ஸ்டே என்றால் அதிகபட்சம் ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை. அவ்வளவு சின்ன இடத்தில் ஆய்வுக்கு வருகிற அதிகாரி பால்கனிக் கம்பியையும் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போக ஐந்து நிமிடம் ஆகுமா? பெரிய விடுதிகளுக்கும் இதையே செய்யலாம். அப்படிப் பார்த்த இடத்துக்குத்தான் குழந்தைகளுக்கு ஏற்றது என்று போட அனுமதி என்றால், அந்த வார்த்தைக்கும் ஒரு மதிப்பு வரும்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை இணைப்பில் விடுதிப் படம் போடும்போது, உள்ளிருந்து மலையைப் பார்த்து ஒன்று எடுத்தால், வெளியிலிருந்து அறையைப் பார்த்தும் ஒன்று எடுத்துப் போடச் சொல்லுங்கள். படம் எடுக்கப் போகிறவர் கையில் ஒரு உரித்த தேங்காயும் கொடுத்து அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
கிரில் பட்டறைக்காரர் ஒருவர்,
திண்டுக்கல்.

(பெயர் போட வேண்டாம். அந்த ரூம் பாய் நல்ல பையன், அவனுக்குச் சங்கடம் வரக் கூடாது.)