டேங்கை மேலே ஏற்ற உதவிய அண்ணனுக்கு நன்றி

பக்கத்து வீட்டுக்கு வேலையாக வந்திருந்த அண்ணனுக்கு இந்த நன்றி. பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

பேஸ்மென்ட் மூலையில் வருஷக்கணக்கில் சும்மா நின்ற வாட்டர் சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) டேங்கை நானும் தம்பியும் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். அசையவே இல்லை. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர், "தண்ணியை எடுத்தீங்களா?" என்றார். எங்கே எடுத்தோம்! ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உள்ளே தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் ரெசின் மணிகள் வேறு, ஈரத்தோடு.

தண்ணீரை டேங்குக்குள் விடாமல் நேராகத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு சரியாகத் திரும்பியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். மிச்ச அழுத்தத்தை இறக்கி, மேலே இருந்த வால்வைக் கழற்றி, நடுக்குழாயை மெல்ல ஆட்டி ஆட்டி உருவினார். அப்புறம் ஒரு ஹோஸை உள்ளே விட்டு, தண்ணீரைத் தரை வடிகாலுக்கு இறக்கினார். ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளிக்கு மாற்றினோம். கடுகைவிடச் சின்ன மஞ்சள் மணிகள். காலடியில் நாலு சிந்தினால் போதும், வழுக்கிவிடும். பழைய போர்வையை விரிக்கச் சொன்னார். நான் விரிக்கவில்லை. விழுந்தேன். அவர் சிரிக்காமல் கை கொடுத்தார், தம்பி அப்படியில்லை.

ரெசினைப் புதுப்பிக்க உப்பு போடும் தொட்டியில் உப்பு பாறையாக இறுகிக் கிடந்தது. சம்மட்டியை எடுத்த என்னைத் தடுத்து, வெந்நீர் ஊற்றிக் காத்திருக்கச் சொன்னார். இளகிவிட்டது. காலியான டேங்கைத் தம்பி ஒருவனே படியேற்றினான்.

காசு நீட்டினேன், வாங்கவில்லை. அண்ணா, உங்கள் இடதுகைக் கையுறை இங்கேதான் இருக்கிறது.